ஒன்டாரியோவில் ஆர்க்கிடெக்ட் வேலை தேடுகிறவர்களுக்கு

பி.ஆர்க். முடித்து ஊரில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு டொராண்டோ வந்தவர்கள் ரெஸ்யூமேயில் முதலில் திருத்த வேண்டியது ஒரே ஒரு சொல். ஓ.ஏ.ஏ. எனப்படும் ஒன்டாரியோ ஆர்க்கிடெக்டுகள் சங்கத்தின் லைசென்ஸ் இல்லாமல் இங்கே தன்னை ‘ஆர்க்கிடெக்ட்’ என்று சொல்லிக்கொள்ளச் சட்டம் இடம் தராது. லிங்க்ட்இன்னுக்கும் இது பொருந்தும். பட்டத்தை அப்படியே போடுங்கள், பதவிக்கு ‘டிசைனர்’ போதும்.

லைசென்ஸுக்கு முதல் படி, சி.ஏ.சி.பி. எனப்படும் கனடிய ஆர்க்கிடெக்ச்சர் சான்றளிப்பு வாரியத்திடம் பட்டத்தை மதிப்பிட வைப்பது. மதிப்பெண் சான்று பல்கலைக்கழகத்திலிருந்து நேரே அவர்களுக்குப் போக வேண்டும். பாடத்திட்ட விவரமும் கேட்பார்கள். அண்ணா பல்கலைக்கழகமோ மொரட்டுவையோ, இங்கே வந்தபின் இதை வாங்குவது பெரும்பாடு. கிளம்புவதற்கு முன்பே நேரில் போய் ஏற்பாடு செய்துவிடுங்கள். அடுத்து இன்டர்னாகப் பதிந்து 3,720 மணி நேர அனுபவமும் எக்ஸாக் எனப்படும் ஆர்க்கிடெக்ட் லைசென்ஸ் தேர்வும். மணிக்கணக்கை வாரா வாரம் எழுதி வையுங்கள். அலுவலகம் மாறிவிட்டால் பழைய மேற்பார்வையாளரின் கையெழுத்துக்கு அலைய நேரும்.

இனி வேலை. இன்டர்வியூவில் அழகான ரெண்டரிங் (கட்டடத்தின் கணினிப் படம்) காட்டுகிறவர்கள் நிறைய. வால் செக்‌ஷன் (சுவரின் குறுக்குவெட்டுப் படம்) ஒன்றைக் கையாலேயே வரைந்து விளக்கத் தெரிந்தவர்கள் குறைவு, அலுவலகங்கள் தேடுவது அவர்களைத்தான். ஊரில் 9 அங்குலச் செங்கல் சுவரே பாரம் தாங்கும். இங்கே வீட்டுக்கு வெளியே தெரியும் செங்கல் தன் பாரத்தை மட்டுமே தாங்கும்; வீட்டைத் தாங்குவது உள்ளே இருக்கும் மரச்சட்டம். வெளியிலிருந்து உள்ளே வந்தால்: 90 மி.மீ. செங்கல், 25 மி.மீ. காற்று இடைவெளி, மழை தடுக்கும் உறை, ஓ.எஸ்.பி. (மரச் சீவல்களை ஒட்டிச் செய்த) பலகை, இன்சுலேஷன் திணித்த 2x6 ஸ்டட் (நிற்கும் மரச்சட்டம்), 6 மில் (சுமார் 0.15 மி.மீ.) பாலித்தீன் தாள், டிரைவால் (ஜிப்சம் பலகை). 2x6 என்பது பெயரளவில்தான், உண்மை அளவு 38x140 மி.மீ.

அந்தப் பாலித்தீனின் இடம்தான் புதியவர்களைத் தடுக்கி விழவைக்கிறது. சென்னையில் ஈரம் வெளியிலிருந்து உள்ளே வரப் பார்க்கும். இங்கே ஜனவரியில் சமையல், குளியல் ஆவியெல்லாம் சூடான உள்பக்கத்திலிருந்து வெளியே போகப் பார்க்கும். வழியில் குளிர்ந்த ஓ.எஸ்.பி.யைத் தொட்டதும் நீராகிவிடும். பிறகு பூஞ்சை, அதன்பின் மரம் உளுத்துப்போகும். அதனால்தான் தாள் சூடான பக்கத்தில். சுவிட்ச் பெட்டியைச் சுற்றி விடும் சின்ன ஓட்டை போதும், எல்லாம் வீண். அஸ்திவாரமும் இப்படித்தான்: மண்ணிலுள்ள ஈரம் உறைந்து கட்டடத்தைத் தூக்கிவிடும் என்பதால் டொராண்டோவில் 1.2 மீட்டர் ஆழம்.

*

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன் பக்கம் நம்மவர்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் பேஸ்மென்ட்டைத் தனி வீடாக்கும் வரைபடம். சின்ன வேலைதானே என்று நினைக்காதீர்கள், அங்கே தூங்கப்போவது ஒரு குடும்பம். தீ நேரத்தில் தப்பிக்கும் ஜன்னலின் திறப்பு 0.35 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, அகலமோ உயரமோ 380 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. கண்ணாடியின் அளவைப் போட்டுக் கணக்கு சரியென்று விடுகிறார்கள். பார்க்க வேண்டியது திறந்தபின் கிடைக்கும் வழியை. ஜன்னல் தரைக்குக் கீழே குழியில் திறந்தால் அதற்கு முன்னால் 550 மி.மீ. இடம் வேண்டும்.

லைசென்ஸ் இல்லாதவர் வீட்டு வரைபடத்துக்குத் தானே பொறுப்பேற்றுக் கையெழுத்திட பி.சி.ஐ.என். எனப்படும் கட்டட விதி அடையாள எண் வேண்டும், அதற்கு மாகாண அரசின் தேர்வு உண்டு. இன்னொருவரின் எண்ணை இரவல் வாங்கிப் போடாதீர்கள். வீட்டு பெர்மிட்டுக்கு நகராட்சி 10 வேலை நாளில் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. ஆனால் விண்ணப்பம் முழுமையாக இருந்தால்தான் அந்தக் கணக்கு. சைட் பிளானில் பார்க்கிங் அளவு விட்டுப்போனாலே திரும்பி வரலாம், ஆகவே சோனிங்கை (அந்த மனையில் எதை, எப்படிக் கட்டலாம் என்ற நகராட்சி விதியை) முதலில் பாருங்கள், பிறகு கோடு போடுங்கள்.