ஹம்பிக்கு ஒரே லென்ஸ் போதுமா? 18-300 குறித்து ஒரு விவாதம்

செந்தாழை:
டிசம்பரில் ஐந்து நாள் ஹம்பிக்குச் செல்கிறேன். என்னிடம் சோனி ஏ6400 கேமராவும் அதனுடன் வந்த 16-50 கிட் லென்ஸும் மட்டுமே உள்ளன (லென்ஸ் எண்கள் மி.மீ.-இல் குவியத் தூரம்: எண் சிறிதானால் அகன்ற காட்சி, பெரிதானால் தொலைவில் இருப்பது நெருங்கித் தெரியும்). டாம்ரான் 18-300 ஒன்றை வாங்கி எல்லாவற்றுக்கும் அதையே பயன்படுத்தலாம் என்று நினைக்கிறேன். நண்பர் ஒருவரோ, சோனி 18-135-ஐயும் சிக்மா 30 எஃப் 1.4-ஐயும் (எஃப் எண் குறைந்தால் லென்ஸின் துளை பெரிது, ஒளி அதிகம்) சேர்த்து வாங்கச் சொல்கிறார். அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

குவியம்:
தயங்காமல் 18-300-ஐ வாங்குங்கள். ஒற்றை ஜூம் லென்ஸ் என்றாலே மட்டம் என்ற எண்ணம் பழைய லென்ஸ்களைப் பார்த்து உருவானது. 1992இல் டாம்ரான் கொண்டுவந்த 28-200, 2.1 மீட்டருக்கு உள்ளே இருக்கும் பொருளைக் குவியப்படுத்தாது. 2021இல் வந்த இந்த 18-300, விரிகோண முனையில் 15 செ.மீ. வரை நெருங்குகிறது. மாதங்க மலை மீது நின்றால் அச்சுதராயர் கோயில் முழுவதும் கீழே விரிந்து கிடக்கும். அதை 18-இல் எடுத்த கையோடு, நின்ற இடத்திலிருந்து நகராமலேயே, கோபுரத்தின் ஒரு மூலையை மட்டும் 300-இல் எடுத்துவிடலாம். முழுச்சட்டகக் கேமராவின் (படம் பதியும் சென்சார் 35 மி.மீ. ஃபிலிம் அளவில் இருப்பது) கணக்கில் அது 450 மி.மீ. பார்வைக்குச் சமம்.

லென்ஸ் மாற்றும் தொல்லையையும் கணக்கில் கொள்ளுங்கள். ஏ6400 போன்ற மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவில் லென்ஸைக் கழற்றிய மறுகணமே சென்சார் காற்றுக்கு வெளிப்பட்டுவிடும். துங்கபத்திரையில் பரிசலில் போனபோது நான் அவசரமாக லென்ஸ் மாற்றினேன். அன்று மாலை வரை துளையைச் சுருக்கி எஃப் 11-இல் எடுத்த ஒவ்வொரு படத்திலும் வானத்தின் இடது மூலையில் சாம்பல் நிறப் புள்ளி ஒன்று பதிந்திருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்டேன்.

பாறைநிழல்:
நண்பர் குவியத்தின் கருத்தை நான் ஏற்கவில்லை. முதலில் எடையைப் பாருங்கள்: 18-300-இன் எடை 620 கிராம், 18-135-இன் எடை 325, சிக்மாவின் எடை 265, இரண்டும் சேர்ந்தால் 590 கிராம்தான். 403 கிராம் கேமராவின் முன்னால் அதைப்போல் ஒன்றரை மடங்கு எடை தொங்கினால், பாறைகளில் ஏறி இறங்கும் நாளில் மதியத்துக்குள் மணிக்கட்டு வலிக்கத் தொடங்கிவிடும். 15 செ.மீ. என்பதும் சென்சாரிலிருந்து அளந்த தூரம். முன்கண்ணாடிக்கும் பொருளுக்கும் நடுவே ஒரு விரல் நுழைவதே கடினம், லென்ஸின் நிழல் பொருள் மீதே விழும்.

எனக்கு முக்கியமானது ஒளி. விருபாட்சர் கோயிலின் பின்பக்கத்தில் ஓர் இருண்ட அறை உண்டு. சிறு துளை வழியாக ராஜகோபுரத்தின் பிம்பம் தலைகீழாக அதன் சுவரில் விழுகிறது. நம் கேமராக்கள் எல்லாவற்றுக்கும் மூலமான தத்துவத்தைக் கல்லில் பார்க்கும் அந்த இடத்தில், 30 மி.மீ.-இல் ஏறக்குறைய எஃப் 4 வரைதான் திறக்கும் லென்ஸோடு நிற்க எனக்கு மனம் வராது. எஃப் 1.4 அதைப்போல் எட்டு மடங்கு ஒளியை உள்ளே விடும். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு, கூடக் கூடப் படம் புள்ளி புள்ளியாகும்) 6400 தேவைப்படும் இடத்தில் 800 போதும்.

குவியம்:
சுவரில் விழும் பிம்பம் அசைவதில்லை. ஏ6400-இன் உடலில் அதிர்வுத் தடுப்பு இல்லை, சிக்மாவிலும் இல்லை, டாம்ரானில் இருக்கிறது. தூணில் தோளைச் சாய்த்துக்கொண்டு ஷட்டர் வேகத்தைக் குறைத்தால் அந்தப் பிம்பம் தெளிவாகவே கிடைக்கும். மறுபக்கம், 135-இல் எடுத்து 300-இன் பார்வைக்கு வெட்டினால், 24 மெகாபிக்சலில் ஐந்துகூட மிஞ்சாது.

பாறைநிழல்:
சுவரைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே அறைக்குள் கையை நீட்டிப் பிம்பத்தைத் தொட முயலும் குழந்தை அசையும். அதிர்வுத் தடுப்பு நம் கையைத்தான் நிறுத்தும், குழந்தையை நிறுத்தாது. நான் அங்கு எடுக்க விரும்பும் படம் அந்தக் குழந்தையின் முகம்.

ஏட்டுச்சுவடி:
இருவரும் தாங்கள் எடுக்க விரும்பும் படங்களுக்காகப் பேசுகிறீர்கள். செந்தாழை தம் பழைய படங்களைத் திறந்து, 50-இல் முட்டி நின்று பிறகு வெட்டியவை எத்தனை, ஐஎஸ்ஓ 3200-ஐத் தாண்டியவை எத்தனை என்று எண்ணிப் பார்க்கட்டும்.

செந்தாழை:
நேற்றிரவு உட்கார்ந்து எண்ணினேன். பயணப் படங்களில் பாதிக்கு மேல் 50-இல் எடுத்தவை, அவற்றில் பெரும்பாலானவற்றை வெட்டியிருக்கிறேன். தூண் சிற்பங்கள், கோபுரத்துக் கிளிகள், அக்கரையில் துணி துவைப்பவர்கள். இருட்டில் எடுத்தவை மிகச் சில. எனவே 18-300-ஐயே வாங்க முடிவு செய்துள்ளேன். பாறைநிழல் சொன்ன குழந்தையின் படம் மட்டும் மனத்தில் நிற்கிறது.

பாறைநிழல்:
உங்கள் தேவைக்கு அதுவே பொருந்தும் என்றால் வாங்குங்கள். ஆனால் கிட் லென்ஸை வீட்டில் விட்டுச் செல்லாதீர்கள். 116 கிராம்தான், சட்டைப்பையில் அடங்கும், மண்டபங்களுக்குள் 16-க்கும் 18-க்கும் உள்ள வேறுபாடு நன்றாகவே தெரியும். கடையிலேயே ஒரு செங்கல் சுவரை 300-இல் எஃப் 6.3-இலும் எஃப் 8-இலும் எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மற்றவற்றைவிட மங்கலாக இருந்தால் அந்த லென்ஸை வாங்காமல் வேறொன்றைக் கேளுங்கள்.