புதுப்பிப்பு: புது ஐபாட்களும் படப் பதிவிறக்கமும்

2006 செப்டம்பர் 12 அன்று ஆப்பிள் அறிவித்த புது ஐபாட்களையும் (கையடக்க இசை, வீடியோ கருவிகள்), அதன் இணையக் கடையான ஐட்யூன்ஸில் பதிவிறக்கத்துக்கு விற்கும் படங்களையும் பற்றி எழுதி, வாங்குவீர்களா என்று கேட்டிருந்தேன். பதில்களைப் படித்துவிட்டு இதைச் சேர்க்கிறேன்.

சிறிய ஐபாடான நானோவைப் பற்றிச் சண்டையே இல்லை. அலுமினிய உறை எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. பழையது சட்டைப்பையில் வைத்தாலே கீறல் விழும் ரகம். 8 ஜிபி கொள்ளளவு நானோ கறுப்பில் மட்டும்தான் என்பதில் சிலருக்கு முறைப்பு.

படங்கள்தான் சிக்கல். 2006-இல் 9.99 முதல் 14.99 டாலர் வரை கொடுத்தால் 640x480 புள்ளி அளவில் ஒரு கோப்பு கிடைத்தது. கிட்டத்தட்ட அதே விலைக்கு டிவிடி வாங்கினால் படம் இன்னும் தெளிவு, கூடுதல் காட்சிகளும் உண்டு, நண்பருக்கு இரவலும் தரலாம். இந்தக் கோப்பையோ டிவிடி பிளேயரில் ஓடும்படி எழுதவே முடியாது. அப்போதைக்கு டிஸ்னி குழுமப் படங்கள் மட்டும்தான் கிடைத்தன, அதுவும் அமெரிக்காவில் மட்டும். எனக்கும் இது கட்டுப்படியாகாது என்றே தோன்றுகிறது. ஐபாடின் 2.5 அங்குலத் திரையில் முழுப்படம் பார்க்கும் பொறுமை யாருக்கு இருக்கிறது? இந்தப் படங்களைத் தொலைக்காட்சியில் காட்டும் 299 டாலர் பெட்டி 2007-இல்தான் வரும் என்று அப்போது ஆப்பிள் சொன்னது.

அப்புறம், பழைய வீடியோ ஐபாட் வைத்திருப்பவர்கள் கேட்டதற்கு: பாடல்களுக்கிடையே இடைவெளி விழாத வசதி மென்பொருள் புதுப்பிப்பில் உங்களுக்கும் உண்டு. தேடல் வசதி புதியவற்றில் மட்டும்தான்.