புதுப்பிப்பு: ஜெய்சல்மேர் போய் வந்துவிட்டோம்

டிசம்பரில் அம்மாவோடு நான்கு நாள் ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் போகிறேன், மணல்மேடு பார்க்க அருகிலுள்ள சாம், குரி என்ற இரண்டு ஊர்களில் எது நல்லது, கலைப்பொருள் என்ன வாங்கலாம் என்று கேட்டிருந்தேன் அல்லவா?

முதலில் என் தவறு. பலர் குரி என்று சொல்லியும் சாமில்தான் கூடாரம் பதிவு செய்தேன். மணல் அழகுதான், ஆனால் நள்ளிரவு வரை ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு. நட்சத்திரம் பார்க்க வந்த அம்மா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தார். மறுநாளே குரிக்கு மாறினோம். மண்குடிசை, கயிற்றுக் கட்டில், அப்படி ஓர் அமைதி.

சாப்பாட்டில் கேர் சாங்கிரிக்குத்தான் முதலிடம். சாங்கிரி வேறொன்றுமில்லை, நம் கோயில்களில் நிற்கும் வன்னி மரத்தின் காய்! காயவைத்ததை ஊறவைத்து, கேர் என்ற சின்னக் காயோடு மசாலா போட்டு வதக்குகிறார்கள். கம்பு ரொட்டிக்குப் பிரமாதம். பருப்போடு சுட்ட கோதுமை உருண்டை வைத்து, 'தால் பாட்டி' என்று பரிமாறியவர் சொன்னதும் "என்னையா?" என்றார் அம்மா.

கோட்டை 1156இல் எழுந்தது, இன்றும் உள்ளே மக்கள் வாழ்கிறார்கள். கழிவுநீர் கசிந்து அடித்தளம் கெடுகிறது என்பதால் வெளியே தங்கினோம்.

அப்புறம் ஷாப்பிங். கோட்டை வாசல் கடைகளில் பேரம் பேசிக் களைத்து, பக்கத்து மாவட்டமான பார்மேரின் அஜ்ரக் (மர அச்சால் வடிவம் பதித்த துணி) விரிப்பு ஒன்று மட்டும் எடுத்தேன். அவுரி நீலமும் மஞ்சிட்டிச் சிவப்பும். ஜோத்பூர் திரும்பும் வழியில் பொக்ரானில் மண்ஜாடி இரண்டு. ஒன்று விமானத்தில் உடைந்தது.