ஆட்டிசத்தைத் திருத்த முயலாத சிகிச்சை: சில அனுபவங்கள்

வயது வந்தபின் ஆட்டிசம் கண்டறியப்பட்ட ஒருவர்:

முதல் அமர்வுக்கு முன்பே அந்த உளவியல் ஆலோசகரிடமிருந்து ஒரு பக்கக் குறிப்பு மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. அறையின் புகைப்படம், எந்த நாற்காலியில் அமரலாம் என்ற விவரம், அவர் கேட்கப்போகும் கேள்விகளின் வரிசை, விரும்பாத கேள்வியைக் கடந்துபோகலாம் என்ற அனுமதி, பேச இயலாத நேரத்தில் தட்டச்சு செய்து காட்டலாம் என்ற தகவல் எல்லாம் அதில் இருந்தன. குழல்விளக்கின் வெளிச்சம் உறுத்தினால் அதை அணைத்துவிட்டுச் சன்னல் வெளிச்சத்திலேயே பேசலாம் என்றும் எழுதியிருந்தார். புதிய இடத்துக்குச் செல்ல வேண்டுமென்றால் முந்தைய இரவு முழுவதும் உரையாடலை ஒத்திகை பார்க்கும் எனக்கு, அந்த ஒரு பக்கம் ஓர் இரவுத் தூக்கத்தை மீட்டுக் கொடுத்தது.

மூளை இயங்கும் விதம் ஆளுக்கு ஆள் வேறுபடும், அந்த வேறுபாடு திருத்த வேண்டிய குறை அல்ல என்ற பார்வைக்கு நரம்பியல் பன்மை என்று பெயர். அதை ஏற்கும் அணுகுமுறை என்று சொல்லிக்கொள்வோர் இப்போது பலர் இருக்கிறார்கள். சொல்லிக்கொள்வதை விட்டுவிட்டு, அறைக்குள் நடைமுறையில் என்ன மாறியது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

அதற்கு முன்பு நான் பார்த்த ஆலோசகர் ஒவ்வொரு அமர்வையும் ‘இப்போது என்ன உணர்கிறீர்கள்?’ என்றுதான் தொடங்குவார். என்னிடம் பதில் இருக்காது. அதை அவர் ஒத்துழையாமை என்று எடுத்துக்கொண்டார். தன் உணர்ச்சியை இனங்கண்டு பெயர் சொல்வதில் உள்ள சிரமத்துக்கு அலெக்ஸிதைமியா என்று பெயர். அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2019-ஆம் ஆண்டு மதிப்பாய்வு ஒன்றில், ஆட்டிசம் உள்ளோரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் அது காணப்பட்டது. புதிய ஆலோசகர் உணர்ச்சியின் பெயரைக் கேட்கவே இல்லை. தாடை இறுகியிருக்கிறதா, வயிறு எப்படி இருக்கிறது, சத்தங்கள் வழக்கத்தைவிடக் கூர்மையாகக் கேட்கின்றனவா என்று கேட்டார். ‘தாடை இறுக்கம், மின்விசிறிச் சத்தம் தாங்கவில்லை’ என்று என்னால் உடனே சொல்ல முடிந்தது. சில வாரங்கள் இவற்றைக் குறித்துவைத்துப் பார்த்தபோது, நான் நினைத்திருந்தபடி அலுவலகக் கூட்டங்களால் தாடை இறுகவில்லை என்பதும், கூட்டத்தின் நேரத்தைக் கடைசி நிமிடத்தில் மாற்றும்போதுதான் அது இறுகுகிறது என்பதும் தெரியவந்தது. கூட்டங்களை எதிர்கொள்ளும் துணிவு எனக்குப் போதவில்லை என்று முன்பு ஒரு பெரிய திட்டமே தீட்டப்பட்டிருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘சக ஊழியர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்’ என்று நான் எழுதியதைப் பழைய ஆலோசகர் எண்ணப் பிழைகளின் பட்டியலில் சேர்த்துவிட்டு, அந்த எண்ணத்துக்கு மாற்று எண்ணம் எழுதிவரச் சொன்னார். உண்மையில் அவர்கள் சிரித்தார்கள். புதியவர் முதலில் என்ன நடந்தது என்று விசாரித்தார். பிறகு மேலதிகாரியிடம் அதை எழுத்துமூலம் எப்படித் தெரிவிப்பது என்று சேர்ந்து யோசித்தோம். இப்படி எண்ணங்களையும் நடத்தையையும் ஆராய்ந்து மாற்ற முயலும் அறிதல் நடத்தைச் சிகிச்சையே தவறு என்று நான் சொல்லவில்லை. மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு, ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்காக 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், அச்சிகிச்சையை எழுத்திலும் படங்களிலும் கொடுக்க வேண்டும், உருவகங்களையும் கற்பனைச் சூழல்களையும் அளவுக்கு மீறிப் பயன்படுத்துவதைத் தவிர்க்க வேண்டும், இடையிடையே ஓய்வு தர வேண்டும், அவருக்குப் பிடித்த விஷயங்களைச் சிகிச்சைக்குள் கொண்டுவர வேண்டும் என்று தெளிவாகவே கூறியிருக்கிறது. எனக்குக் கிடைத்த பழைய சிகிச்சையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

எனக்குப் பிடித்தவை மின்தூக்கிகள். அவற்றின் கட்டுப்பாட்டு முறை, எந்தத் தளத்தின் அழைப்பை எந்த வரிசையில் ஏற்கிறது, எடை கூடினால் கதவு ஏன் மூடுவதில்லை என்பதையெல்லாம் மணிக்கணக்கில் பேசுவேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் கேட்டார். பின்னர், எடை கூடினால் மின்தூக்கி மணியடிக்கிறது, உங்களுக்கு அந்த மணி எந்த நேரத்தில் அடிக்கிறது என்றார். யோசித்தால், என் மணி எல்லாம் விழுந்த பிறகுதான் அடிக்கிறது. அன்றிலிருந்து அதை முன்னதாக அடிக்கச் செய்வதே எங்கள் வேலையாயிற்று.

அப்போது நான் வேலைக்குப் போவதும் வந்து படுப்பதுமாக இருந்தேன். எளிதாகச் செய்துவந்தவைகூடக் கைவிட்டுப் போயின. மனச்சோர்வு என்று சொல்லி, வெளியே போங்கள், நாலு பேருடன் பழகுங்கள் என்று எனக்கு அறிவுரை தரப்பட்டிருந்தது. அதைச் செய்யச் செய்ய நிலைமை மோசமாயிற்று. ஆட்டிசத்தில் வரும் பெருஞ்சோர்வு பற்றி டோரா ரேமேக்கரும் உடன் ஆய்வாளர்களும் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், நீடித்த களைப்பு, கைவந்த திறன்களை இழத்தல், ஒளி ஒலிகளைத் தாங்க முடியாமை ஆகிய மூன்றும் அதன் அடையாளங்களாகக் கூறப்பட்டுள்ளன. மூன்றும் என்னிடம் இருந்தன. ஆலோசகர் புதிதாக எதையும் செய்யச் சொல்லாமல், செய்துகொண்டிருந்தவற்றில் எவற்றை நிறுத்தலாம் என்று பட்டியல் போட வைத்தார். முகமூடி போட்டுப் பழகுவதையும், அதாவது ஆட்டிச இயல்புகளை மறைத்துப் பிறரைப் போல நடந்துகொள்வதையும், உடனே விட்டுவிடச் சொல்லவில்லை. எங்கே அதைக் கழற்றினால் வேலைக்கு ஆபத்து, எங்கே கழற்றினாலும் ஒன்றும் ஆகாது என்று இடவாரியாகப் பிரித்தோம். இரண்டாவது பட்டியல் நான் எதிர்பார்த்ததைவிட நீளமாக இருந்தது.

ஆறு வயது மகனின் தாய்:

எங்கள் மகன் முன்பு சென்ற மையத்தில் அவனுக்கு எழுதப்பட்டிருந்த இலக்குகளில் முதலிரண்டு, கண்ணைப் பார்த்துப் பேசுவதும், கைகளை மடியில் வைத்து அசையாமல் உட்காருவதும் ஆகும். செய்தால் விரும்பிய பொம்மை கிடைக்கும். செய்யாவிட்டால் அது பறிக்கப்படும். உளவியலாளர் இவார் லோவாஸ் 1987-இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டி, வாரத்துக்கு 40 மணி நேரம் பயிற்சி தந்தால் குழந்தை ‘சாதாரணமாகிவிடும்’ என்றார்கள். அந்த ஆய்வில் தீவிரப் பயிற்சி பெற்ற குழந்தைகள் 19 பேர்தான் என்பதையோ, அன்றைய பயிற்சியில் அதட்டலும் அடியும் சேர்ந்திருந்தன என்பதையோ யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

இப்போது வரும் சிகிச்சையாளர் முதல் நாள் செய்ததெல்லாம், அவன் புட்டி மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்த இடத்திலிருந்து ஓரடி தள்ளித் தரையில் அமர்ந்து, தாமும் மூடிகளை அடுக்கியதுதான். ‘இது என்ன நிறம்’ என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நெடுநேரம் கழித்து அவன் தன் வரிசையிலிருந்து ஒரு மூடியை எடுத்து அவருடைய வரிசையின் கடைசியில் வைத்தான். நான் அதை விளையாட்டு என்று நினைத்தேன். அவர் ‘உரையாடல் தொடங்கிவிட்டது’ என்று தம் குறிப்பேட்டில் எழுதினார்.

மகன் சொந்தமாக வாக்கியம் பேசுவதில்லை; தொலைக்காட்சியில் கேட்டதைத் திருப்பிச் சொல்வான். ‘சிறிய இடைவேளைக்குப் பிறகு தொடர்வோம்’ என்பதை ஒரு நாளைக்குப் பல முறை சொல்வான். முந்தைய மையத்தில் அதை அர்த்தமற்ற பேச்சு என்று குறித்து, சொல்லும்போதெல்லாம் கவனிக்காமல் இருக்கும்படி எங்களுக்கு அறிவுறுத்தினார்கள். இவர் அதை எப்போது சொல்கிறான் என்று பார்க்கச் சொன்னார். குளிக்க வைக்கும்போது, தலை சீவும்போது, விருந்தினர் வந்து தூக்கும்போது சொல்கிறான்: போதும், நிறுத்துங்கள் என்பதைத்தான் அவன் தன்னிடம் இருந்த சொற்களில் இவ்வளவு மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். எதிரொலிப் பேச்சுக்குப் பல பயன்பாடுகள் உண்டு என்பதை பேச்சு மொழி வல்லுநர் பேரி பிரிசன்ட் 1980-களிலேயே ஆய்வு செய்து எழுதிவிட்டார் என்று பிறகு அறிந்தேன். இப்போது அவன் அதைச் சொன்னால் சீப்பைக் கீழே வைத்துவிடுகிறோம். கையடக்கக் கணினியில் படத்தைத் தொட்டுப் பேசும் செயலியும் சேர்ந்துகொண்டது. அதில் அவன் அதிகம் தொடுவது ‘வேண்டாம்’ என்ற பொத்தானைத்தான். சிகிச்சையாளர் அந்தப் பொத்தானை முதல் பக்கத்திலேயே வைத்திருக்கிறார், எத்தனை முறை தொட்டாலும் அதை மதிக்கிறார்.

அவர் எல்லாவற்றையும் அவன் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறார் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அது சரியல்ல. பல் துலக்குவதை அவர் விடவில்லை. நுரையும் காரமும் இல்லாத பற்பசை, மென்மையான தூரிகை, முடியும் நேரத்தைக் காட்டும் மணற்கடிகாரம் என்று மாற்றினார். பல் சுத்தமாக வேண்டும் என்பது மாறவில்லை.

பேசக்கூடிய பெரியவர்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன்: உங்களுக்குப் பேச்சு முழுவதும் நின்றுபோகும் நேரத்தில் அருகிலிருப்பவர் என்ன செய்தால் நல்லது?

கல்லூரி மாணவி ஒருவர்:

எனக்கு வாய்த்த அனுபவம் வேறு. நான் சென்ற ஆலோசகரின் அறிமுகப் பக்கத்தில் நரம்பியல் பன்மை பற்றி அழகாக எழுதியிருந்தது. முதல் அமர்விலேயே ஆட்டிசம் ஒரு வரம், ஒரு சூப்பர் பவர் என்றார். எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. தேர்வு அறையில் பேனாக்களின் உரசல் சத்தத்தால் பாதித் தாளை எழுதாமல் வந்திருக்கிறேன். இவற்றைச் சொன்னபோது, உங்களை நீங்களே குறைவாக மதிப்பிடாதீர்கள் என்று பதில் வந்தது. தேர்வுக்குத் தனியறை கேட்பதற்கான கடிதம் வேண்டும் என்றேன். முத்திரை குத்திக்கொள்ள வேண்டாமே என்றார். என் சிரமத்தை ஒத்துக்கொள்ளாத பாராட்டு எனக்கு எந்த வகையிலும் உதவவில்லை. கடிதத்தைப் பிறகு ஒரு மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அவர் நரம்பியல் பன்மை என்ற சொல்லை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை.

இத்துறையில் பணிபுரியும் சிகிச்சையாளர் ஒருவர்:

மாணவி எழுதியிருப்பதுதான் என்னையும் அதிகம் கவலைகொள்ள வைக்கிறது. ஏற்றுக்கொள்வது என்றால் கைகட்டி நிற்பது என்று பொருள் கொள்வோர் எங்களிடையே இருக்கிறார்கள்.

பேச்சு வராத பதின்வயதுச் சிறுவன் ஒருவன் தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறான் என்று என்னிடம் அனுப்பப்பட்டான். மோதும்போது பார்க்காமல் இருங்கள், நிறுத்தினால் பரிசு கொடுங்கள் என்பது வீட்டாருக்கு ஏற்கெனவே தரப்பட்டிருந்த திட்டம். அவன் எப்போதும் வலப்பக்கத்தையே மோதுகிறான் என்பதைக் கவனித்துப் பல் மருத்துவரிடம் அனுப்பினோம். வலது கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டியிருந்தது. சிகிச்சைக்குப் பின் மோதுவது பெருமளவு குறைந்தது, முற்றிலும் நிற்கவில்லை. எஞ்சியது மாலையில் வீடு இரைச்சலாகும் வேளையில் வந்தது. அதற்குக் காது மறைப்பானும், கதவைச் சாத்திக்கொள்ள ஒரு மூலையும், அங்கே சுவரில் தடித்த மெத்தையும் ஏற்பாடு செய்தோம். காது, பல், மலச்சிக்கல், வலிப்பு ஆகியவற்றைப் பார்க்காமல் நடத்தையைப் பற்றிப் பேசத் தொடங்குவதில்லை என்பது என் வழக்கம். வலிப்பு நோய் ஆட்டிசம் உள்ளோரிடம் பிறரைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது.

இலக்கு எழுதும்போது, இது நிறைவேறினால் யாருக்கு நிம்மதி என்று பெற்றோரிடம் கேட்பேன். கையை உதறுவதை நிறுத்துவது பார்ப்பவர்களுக்கு நிம்மதி, அதை எடுத்துவிடுவோம். சாலையைக் கடக்கப் பழகுவது குழந்தைக்கு, அது இருக்கட்டும். கண்ணைப் பார்ப்பது எந்தப் பட்டியலிலும் வராது. இயல்பை மறைத்து வாழ்வதற்கும் தற்கொலை எண்ணங்களுக்கும் தொடர்பிருப்பதை உளவியல் ஆய்வாளர் சாரா கேசிடியின் 2018 ஆய்வு காட்டிய பிறகு, மறைக்கக் கற்றுக்கொடுப்பதை நான் திறன் பயிற்சி என்று அழைக்கத் தயாராக இல்லை.

தாமும் ஆட்டிசம் உள்ளவரான ஆய்வாளர் டேமியன் மில்ட்டன், புரிதல் குறைவு ஆட்டிசம் உள்ளோர், இல்லாதோர் என இருபக்கமும் இருக்கிறது என்று 2012-இல் எழுதினார். ஆட்டிசம் உள்ள வயது வந்த மகளும் தந்தையும் சேர்ந்து வரும் அமர்வுகளில் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ‘நீ சொன்னதை நான் இப்படி எடுத்துக்கொண்டேன்’ என்று இருவரும் தனித்தனியே தாளில் எழுதுவார்கள். தந்தையின் தாளில்தான் பிழைகள் அதிகம் என்று தெரிந்த நாள்கள் உண்டு. அவை நல்ல அமர்வுகள்.

முதலில் எழுதியவர், மீண்டும்:

தாய் கேட்டதற்கு என் அளவில் பதில் சொல்கிறேன். பேச்சு நின்றுபோகும்போது எனக்குக் காது கேட்கிறது, சொல்வது புரிகிறது. வாய்க்கு மட்டும் வருவதில்லை. ‘என்ன ஆச்சு, சொல்’ என்று திரும்பத் திரும்பக் கேட்பது ஒவ்வொரு முறையும் அந்த நிலையை நீட்டிக்கிறது. விளக்கைக் குறைத்து, தொடாமல், அறையிலேயே இருந்தால் போதும். கேட்டே ஆக வேண்டுமென்றால் தலையசைத்துப் பதில் சொல்லக்கூடிய ஒரே கேள்வியாகக் கேட்டுவிட்டு, நிதானமாகக் காத்திருக்கலாம். தம் நிலையை நிறத்தால் காட்டும் வண்ண அட்டைகள் சிலருக்கு உதவுகின்றன. எனக்கு அட்டையைத் தேடுவதே இன்னொரு வேலையாகிவிடுகிறது. கைபேசியில் முன்கூட்டியே எழுதிவைத்த மூன்று வரிகளை எடுத்துக் காட்டுகிறேன்: இப்போது பேச முடியவில்லை, ஆபத்து ஒன்றுமில்லை, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்.