பீர் கிட்டில் வரும் ‘ஒரிஜினல் கிராவிட்டி’: ‘தொடக்க ஈர்ப்பு’ பொருந்தாது

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டிலேயே பீர் தயாரிக்கும் கிட்டுகள் தொடர்பான சொற்பட்டியலில் ‘ஒரிஜினல் கிராவிட்டி’ என்பதற்குத் ‘தொடக்க ஈர்ப்பு’ என்று முன்மொழியப்பட்டிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. இங்கே கிராவிட்டி என்பது புவியீர்ப்பு அன்று. தண்ணீரோடு ஒப்பிட ஒரு கரைசல் எத்தனை மடங்கு கனமானது என்பதைத்தான் அச்சொல் குறிக்கிறது. நம் பள்ளிப் பாடநூல்கள் இதற்கு ‘ஒப்படர்த்தி’ என்ற சொல்லை முன்பே தந்துவிட்டன.

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் தமக்கை மகன் இத்தகைய கிட் ஒன்றை வாங்கிவிட்டு, அதன் குறிப்பேட்டில் இருந்த எண்களுக்கு விளக்கம் கேட்டு என்னைத் தொலைபேசியில் அழைத்ததிலிருந்துதான் இந்தத் துறையில் எனக்கு அக்கறை பிறந்தது. அந்நாட்டில் சொந்த உபயோகத்துக்காக வீட்டில் பீர் தயாரிக்க 1963 முதல் உரிமம் தேவையில்லை. நம் மாநிலத்திலோ 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். ஆகவே கும்பகோணத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குச் சொல் மட்டுமே வாய்த்திருக்கிறது, சரக்கு வாய்க்கவில்லை.

பால் சொசைட்டிக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இந்த அளவீட்டை விளக்கவே வேண்டியதில்லை. பாலில் மிதக்கும் பால்மானி 28 காட்டினால் அதன் ஒப்படர்த்தி 1.028 என்று பொருள். தண்ணீர் கலந்திருந்தால் எண் இறங்கிவிடும். பீருக்கும் அதே வகைக் கருவிதான். மால்ட் (முளைகட்டிய தானியம்) பாகையும் சர்க்கரையையும் கரைத்து 23 லிட்டராக்கி, ஈஸ்ட் தூவுவதற்கு முன் பார்க்கும்போது அது 1.042 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் ஆக்கியபின் 1.010 காட்டுகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடான 0.032ஐ வழக்கமான மாற்றெண்ணாகிய 131.25ஆல் பெருக்கினால் 4.2 விழுக்காடு ஆல்கஹால் என்று கிடைக்கிறது. ஆக, அளக்கப்படுவது ஆல்கஹால் அன்று, அடர்த்தியின் இறக்கமே. ஆல்கஹாலின் அளவு அதிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுகிறது. எனவே ‘முன்னடர்த்தி’, ‘பின்னடர்த்தி’, ‘அடர்த்தி இறக்கம்’ ஆகிய மூன்றையும் ஒரே குடும்பமாக முன்மொழிகிறேன்.

இதற்கு முன் வேறொரு சொல்லின்மேல் ஆசைப்பட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக் கள் சாடியில் ‘வழைச்சு அற விளைந்த’ செய்தி வருகிறது. நொதித்து முற்றுவதை ‘விளைதல்’ என்று சொல்லும் அந்த அழகில் மயங்கி ‘விளைவடர்த்தி’ என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை கண்டது என்பதே பேச்சாக இருக்கும் இந்த ஊர்ப்பக்கத்தில், அச்சொல்லைக் கேட்பவர் நெல்லைத்தான் நினைப்பார். மனமின்றிக் கைவிட்டேன்.

அடுத்து, பீரின் ‘ஸ்ட்ரென்த்’. ‘வீரியம்’ என்று ஒரு நண்பரும் ‘காட்டம்’ என்று மற்றொருவரும் எழுதியிருந்தனர். காட்டம் நாக்கு உணர்வது. ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூ மிகுந்த பீர் காட்டமாக இருந்தும் ஆல்கஹால் குறைந்ததாக இருக்கலாம். வீரியம் என்பதைக் கேட்டால் விதையும் பூச்சிமருந்தும் நினைவுக்கு வருகின்றன. ‘செறிவு’ இவற்றைவிட மேலானது என்றாலும், எடைக் கணக்கா கன அளவுக் கணக்கா என்பதை அது சொல்வதில்லை. ஆல்கஹால் தண்ணீரைவிட இலேசானது என்பதால், கன அளவில் 4.2 விழுக்காடாக உள்ளது எடையில் சுமார் 3.3 மட்டுமே. ஆகையால் ‘ஆல்கஹால் கனவிழுக்காடு’ என்று நீட்டி எழுதுவதே நேர்மை. ஈழத்து வழக்கில் உள்ள ‘மதுசாரம்’ என்னும் சொல்லை ஏற்பதிலும் எனக்குத் தடையில்லை.

பழைய பிரித்தானியக் குறிப்புகளை மொழிபெயர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே 1993 வரை பீருக்கான தீர்வை முன்னடர்த்தியைக் கொண்டே விதிக்கப்பட்டது. அதனால் அந்நாளைய குறிப்பில் 1042 (அதாவது 1.042) என்று கண்டால் அது ஈஸ்ட் இடும் முன் இருந்த நிலையைச் சொல்கிறதே தவிர, குவளையில் இருக்கும் ஆல்கஹாலைச் சொல்லவில்லை. அதே 1042 பாதியில் நின்று 1020இல் தங்கிவிட்டால் கிடைப்பது 2.9 விழுக்காடுதான். இவ்வளவு வேறுபாட்டை ‘வீரியம்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட முடியாது.

எஞ்சியிருப்பது ‘அட்டெனுவேஷன்’, அதாவது முன்னடர்த்தியில் தண்ணீரின் 1.000க்கு மேல் உள்ள புள்ளிகளில் எத்தனை விழுக்காடு இறங்கியது என்பது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் 42 புள்ளிகளில் 32 இறங்கியிருப்பதால் அது 76 விழுக்காடு. ‘சர்க்கரைத் தேய்வு’ என்று எழுதத்தான் முதலில் கை போகும். ஆனால் உருவான ஆல்கஹாலே கருவியை மேலும் தாழ அமிழ்த்திவிடுவதால், உண்மையில் ஈஸ்ட் தின்று தீர்த்த சர்க்கரை அந்த எண் காட்டுவதைவிடக் குறைவு. சில மதுவகைகளில் பின்னடர்த்தி 1.000க்கும் கீழே இறங்குவது இதனால்தான். ‘தோற்றத் தேய்வு’, ‘மெய்த் தேய்வு’ என்று இரண்டாகப் பிரிக்கலாமா, அல்லது ‘தேய்வு’ என்னும் சொல்லே நிலவுக்கும் செருப்புக்கும் உரியது என்று ஒதுக்குவீர்களா? இந்த ஒன்றில் மட்டும் நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. வேதியியல் ஆசிரியர்களாக இருக்கும் உறுப்பினர்கள் எழுத வேண்டுகிறேன்.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து ஓர் உறுப்பினர்