டர்பனில் பிஎச்.டி. சேர்ந்து நாலு மாதம்: பேச ஆளே இல்லை, எல்லாருக்கும் இப்படித்தானா?

பொருநைக்கரை:
வணக்கம். எனக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். பிப்ரவரியில் இங்கே தென்னாப்பிரிக்காவுக்கு வந்து குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் பிஎச்.டி. சேர்ந்தேன். 1860க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாக நட்டாலுக்கு வந்த தமிழ்ப் பெண்கள்தான் என் தலைப்பு.

படிப்பு கஷ்டம் என்று சொல்ல வரவில்லை. ஊரில் ஸ்காலர் என்றால் தினமும் துறைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு, ஸ்காலர் ரூமில் நாலு பேரோடு உட்கார்ந்து, மதியம் டிபன் பாக்ஸைப் பங்கு போட்டுச் சாப்பிட்டு, கைடு வந்துவிட்டாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே ஒரு நாள் ஓடிவிடும். இங்கே வகுப்பும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. சூப்பர்வைசரை மாதம் ஒரு தடவை பார்க்கிறேன், அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறார், எனக்கு வாய் வரவில்லை, அதனால் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே மெயில் எழுதிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் திங்கள் முதல் வியாழன் வரை கடைக்காரரைத் தவிர யாரிடமும் பேசவில்லை என்பது வியாழக்கிழமை ராத்திரிதான் உறைத்தது. ரூமுக்கு வந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

இன்னொன்று. நூலகத்திலும் பேங்கிலும் கோவேந்தர், பிள்ளை, மூட்லி, நாயுடு என்றுதான் பெயர்ப் பட்டை இருக்கிறது. ஆசையாகத் தமிழில் பேசினால் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் பதில் வருகிறது. தமிழர்கள் இவ்வளவு பேர் இருக்கிற ஊரில் இப்படித் தனியாக இருப்பது ஆள் இல்லாத ஊரில் இருப்பதைவிட மோசமாக இருக்கிறது.

பக்கத்து ரூமில் ஜிம்பாப்வேக்காரப் பெண் ஒருத்தி. வந்த முதல் ராத்திரி என் சார்ஜர் எந்த பிளக்கிலும் நுழையவில்லை (நம் ஊரில் கீசருக்குப் போடும் பெரிய மூணு பின் மாதிரிதான் இங்கே எல்லாமே), அவள்தான் அடாப்டர் கொடுத்தாள். அதோடு சரி.

இதே நிலையில் இருந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எப்போது சரியாகும்?

மலைக்கோட்டை:
தங்கச்சி, நான் திருச்சி. இதே பல்கலைக்கழகத்தில் வெஸ்ட்வில் வளாகத்தில் நாலாவது வருஷம். தானாகச் சரியாகும் என்று காத்திருந்து ஒரு வருஷத்தை வீணாக்கியவன் என்பதால் சொல்கிறேன், காத்திருக்காதே.

முதலில் சூப்பர்வைசர் விஷயம். இங்கே அவர்களாக வந்து உன்னை விரட்ட மாட்டார்கள், அது அக்கறை இல்லாததால் இல்லை, நீ கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். எனக்கு முதல் ஆறு மாதம் அது புரியவே இல்லை, கூப்பிடுவார் கூப்பிடுவார் என்று உட்கார்ந்திருந்தேன். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரம் வேண்டும் என்று நாளைக்கே எழுது. பேர் சொல்லிக் கூப்பிட்டே எழுது, மூணாவது மெயிலில் பழகிவிடும். உன் தலைப்புக்கு உயிரோடு இருக்கிற யாரையாவது பேட்டி எடுப்பதாக இருந்தால் பல்கலைக்கழக எத்திக்ஸ் குழுவின் அனுமதி கைக்கு வருமுன் ஒரு கேள்வி கூடக் கேட்டுப் பதிவு செய்யாதே, அதற்கு மாதக்கணக்கில் ஆகும், இப்போதே படிவத்தை ஆரம்பி.

அப்புறம் விசா. தனிமையில் இருக்கும்போது தேதியெல்லாம் நழுவும், எனக்கு நழுவியது. முடிவதற்கு 60 நாள் முன்னாலேயே புதுப்பிக்க விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும். நான் நாற்பது நாள் இருக்கும்போது போய் நின்றேன், அந்த அலைச்சல் உனக்கு வேண்டாம். ஊரிலிருந்து எடுத்து வந்த பயணக் காப்பீடு செல்லாது, இங்கே பதிவான மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு)தான் கேட்பார்கள்.

அந்த ஜிம்பாப்வேப் பெண்ணுக்கு அடாப்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாயா? கொடுக்கப் போகும்போது ஒரு கிண்ணம் சாம்பாரும் கொண்டு போ. அவளும் வீட்டை விட்டு வந்தவள்தான். ஊருக்குப் போன் பண்ணுவதற்கும் ஒரு நேரம் வைத்துக்கொள், இங்கே ஆறு மணி என்றால் அங்கே ஒன்பதரை, நீ சாப்பிட்டு முடித்து ஆற அமரக் கூப்பிட்டால் அம்மா தூங்கியிருப்பார்.

யாழ்-கேப்டவுன்:
நான் யாழ்ப்பாணம், கேப்டவுனில படிக்கிறன். இங்க டர்பன் மாதிரித் தமிழ்ச் சனமும் இல்லை, அதால உங்களை நினைச்சா எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். ஒண்டு மட்டும் சொல்லுறன், மினிபஸ் டாக்சிக்குப் பயப்படாமல் ஏறுங்கோ. நான் மூண்டு மாதம் ஆப் டாக்சிக்கே காசைக் கொட்டிப்போட்டு ரூமுக்குள்ள அடைஞ்சு கிடந்தனான். பின் சீற்றில இருக்கிற ஆக்கள் காசைக் கை மாத்தி மாத்தி முன்னுக்கு அனுப்புவினம், முன் சீற்றில இருக்கிறவர் எண்ணி மிச்சம் குடுக்கோணும். ஒரு நாள் தெரியாமல் முன்னுக்கு ஏறிப்போய்க் கணக்குப் பிழைச்சிட்டுது, பின்னால இருந்த அம்மா ஒருத்தர் எட்டி வந்து என்ர கையில இருந்த சில்லறையைப் பிரிச்சுத் தந்து சொல்லித் தந்தவ. இந்த நாட்டில முதல்முதல் என்னைத் தொட்டுக் கதைச்ச ஆள் அவதான். அதுக்குப் பிறகு ஆரைக் கண்டாலும் முதல்ல "மோலோ" (இங்கத்தைய கோசா மொழியில வணக்கம்) சொல்லிப்போட்டுத்தான் மிச்சக் கதை.

சாட்ஸ்வர்த்_தாத்தா:
மகளே, வணக்கம். நான் இங்கே பிறந்தவன், வயது 68. தமிழ் எழுதப் படிக்க ஐம்பது வயதுக்கு மேல் கோயில் வகுப்பில் கற்றேன். பிழை இருந்தால் மன்னிக்கவும்.

நாங்கள் ஏன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறோம் என்று சொல்கிறேன். என் ஆயா, அதாவது பாட்டி, தமிழ் மட்டும் பேசுவார். டர்பனில் கேட்டோ மேனர் பகுதியில் ஒரே வளவில் பெரியப்பா, சித்தப்பா எல்லாரும் இருந்தோம். அப்புறம் வெள்ளையர் அரசு இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வைத்து எங்களை எடுத்து, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்தில் போட்டது. வீடுகள் சின்னது, குடும்பம் பிரிந்தது, ஆயா ஒரு பக்கம் நாங்கள் ஒரு பக்கம். பள்ளியில் ஆங்கிலம். ஆயாவுக்குப் பேச ஆள் இல்லாமல் போயிற்று, நீ எழுதியதைப் படித்தபோது எனக்கு ஆயா ஞாபகம்தான் வந்தது. நீ தமிழில் பேசும்போது நாங்கள் சிரிப்பது வெட்கத்தால். முக்கால்வாசி புரியும். பதில் சொல்லத்தான் வாய் வராது.

நீ படிக்கிற இடமும் லேசில் வந்தது இல்லை. 1961இல் டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கு மட்டும் என்று ஒரு காலேஜ் வைத்தார்கள். என் மாமா படகில் போய்ப் படித்தார். அதுதான் பிறகு வெஸ்ட்வில் மேட்டுக்கு வந்தது, 2004இல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது.

என் கொள்ளுப்பாட்டியின் கப்பல் பதிவு நகல் என்னிடம் இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், தாலுகா, உடம்பில் அடையாளம் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். "இடது முழங்கையில் தழும்பு" என்று இருக்கிறது. ஊர்ப் பெயரை வெள்ளைக்காரன் காதில் கேட்டபடி எழுதியதால் அது எந்த ஊர் என்று நாற்பது வருடமாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. நீ ஊர்ப் பெயர்கள் தெரிந்த பிள்ளை. வந்து ஒரு தடவை படித்துப் பார்ப்பாயா? சனிக்கிழமை காலையில் என் மனைவி இங்கே சாட்ஸ்வர்த்தில் இருக்கிற பங்களாதேஷ் மார்க்கெட்டுக்குப் போவாள், கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் கிடைக்கும், அவளோடு போய்விட்டு வீட்டுக்கு வா. அந்த அடாப்டர் கொடுத்த பிள்ளையையும் கூட்டி வா. ஆடி வேறு வருகிறது, இங்கே பாரிஜ் பிரேயர் என்று சொல்வோம், அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதுதான். கோயிலில் கிண்டக் கை வேண்டும்.

பொருநைக்கரை:
தாத்தா, பேட்டி எல்லாம் இல்லை, எத்திக்ஸ் வரட்டும். படிக்க மட்டும் வருகிறேன், இந்தச் சனிக்கிழமையே. தனிச்செய்தியில் முகவரி அனுப்புங்கள். தாலுகா பெயரில் முதல் மூன்று எழுத்தாவது தெளிவாக இருக்கிறதா? பழைய வட ஆற்காடு ஊர்ப் பட்டியல் ஒன்று என்னிடம் இருக்கிறது, எடுத்து வருகிறேன்.

மலைக்கோட்டை அண்ணா, சூப்பர்வைசருக்கு மெயில் போட்டாயிற்று. பேர் சொல்லியே எழுதினேன், அனுப்பிவிட்டு ஐந்து நிமிஷம் கை நடுங்கியது. அடாப்டர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சாம்பார் அடுப்பில் கொதிக்கிறது. மெடிக்கல் எய்ட் மாதாமாதம் கட்டலாமா, இல்லை மொத்தமாகவா?

மலைக்கோட்டை:
மொத்தமாகக் கட்டிவிடு. அடுத்த பிப்ரவரியில் பதிவுக்குப் போகும்போது அந்த வருஷம் முழுக்கக் காப்பீடு இருப்பதைக் காட்டச் சொல்வார்கள். ரசீதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள். சாம்பாரில் காரம் கம்மியாகப் போடு, முதல் தடவை அவள் சாப்பிடுகிறாள்.