மறு: பருப்பொருளின் 'ஸ்டெபிலிட்டி' – நிலைத்தன்மை போதுமா?

வணக்கம். இயற்பியலில் 'ஸ்டெபிலிட்டி ஆஃப் மேட்டர்' என்ற தேற்றத்துக்குத் தமிழில் எந்தச் சொல் வைப்பது என்ற பேச்சின் தொடர்ச்சி இது.

> பழகிய "நிலைத்தன்மை" இருக்கும்போது புதுச்சொல் எதற்கு ஐயா?

பழகியதுதான் சிக்கல். நிலைத்தன்மை என்றதும், லேசாகத் தட்டினால் பழைய இடத்துக்கே திரும்பி வருவதுதான் மாணவர் மனத்தில் வரும். இங்கே கேள்வி வேறு. எலக்ட்ரான்களும் அணுக்கருக்களும் ஒன்றையொன்று இழுத்து, மொத்தமும் ஒடுங்கிப்போகாமல் இருப்பது ஏன்?

ஒரே அணு என்றால் எளிது. ஹைட்ரஜன் அணுவின் ஆற்றல் −13.6 எலக்ட்ரான்வோல்ட்டுக்கு (அணு அளவிலான ஆற்றல் அலகு) கீழே இறங்காது. எலக்ட்ரானைக் கருவுக்குப் பக்கத்தில் அடைக்கப் பார்த்தால் அதன் இயக்க ஆற்றல் எகிறிவிடும். இது முதல்வகை ஸ்டெபிலிட்டி. இரண்டாம் வகையில்தான் கணிதர்கள் திணறினார்கள்: துகள்கள் எத்தனை கூடினாலும், மொத்த ஆற்றல் அந்த எண்ணிக்கைக்கு நேர்விகிதமான ஒரு வரம்புக்குக் கீழே போகக் கூடாது. 1967இல் இயற்பியலாளர்கள் டைசனும் லெனார்டும் இதை நிறுவினார்கள். ஆனால் நீண்ட, கரடுமுரடான நிறுவல். அந்த நேர்விகிதத்துக்குக் கிடைத்த மாறிலியோ நம்பமுடியாத அளவுக்குப் பெரிது. 1975இல் லீபும் திர்ரிங்கும் அதைச் சில பக்கங்களில் முடித்தார்கள். தாமஸ்–ஃபெர்மி கோட்பாட்டில் (எலக்ட்ரான்களை அடர்த்தியாக மட்டும் பார்க்கும் தோராய முறை) அணுக்கள் சேர்ந்து மூலக்கூறாகவே ஆகாது என்பார் இயற்பியலாளர் டெல்லர். அணுக்கள் சேராவிட்டால் மொத்த ஆற்றல் தனித்தனி அணுக்களின் கூட்டுத்தொகைக்குக் கீழே போகாதே; அந்தக் குறையையே லீபும் திர்ரிங்கும் கருவியாக்கிக்கொண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

இத்தனைக்கும் அடியில் இருப்பது பௌலியின் தவிர்ப்பு விதி: இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க முடியாது. எல்லாத் துகளும் போசான்களாக (இந்த விதிக்குக் கட்டுப்படாத துகள்களாக) இருந்தால், எண்ணிக்கை இரட்டிக்கும்போது ஆற்றல் ஏறக்குறைய 2.64 மடங்கு ஆழத்துக்குப் போய்விடும். அப்புறம் இரண்டு வாளித் தண்ணீரை ஒன்றாக ஊற்றினாலே மிச்ச ஆற்றல் வெளியேறி வெடிப்புதான்.

ஆகவே என் பரிந்துரை: ஒடுங்காமை. கொல்லாமை, கள்ளாமை போல நமக்குப் பழகிய அமைப்பு; தேற்றம் எதை மறுக்கிறது என்பதும் சொல்லிலேயே இருக்கிறது.

> அப்படியானால் "அணு ஒடுங்காமை", "பருப்பொருள் ஒடுங்காமை" என்று பிரிக்கலாமே?

அழகாக இருக்கிறது, ஆனால் பொருந்தாது. முதல்வகை அணுவுக்கு மட்டுமல்ல, எண்ணிக்கை மாறாத எந்தத் தொகுதிக்கும் உண்டு. முதல்வகை ஒடுங்காமை, இரண்டாம் வகை ஒடுங்காமை என்றே இருக்கட்டும்.

ஒரு உரசல் உண்டு. வேதியியல் பாடநூலில் ஆக்சிஜனேற்றத்துக்கு எதிரானது 'ஒடுக்கம்'. எனவே ஒடுங்காமைக்கு எதிர்ச்சொல்லாக, 'ஒடுக்கம்' அல்லாமல், 'ஒடுங்கல்' வைக்கலாம். சந்திரசேகர் வரம்பை (தாங்கக்கூடிய உச்ச நிறையை) தாண்டிய வெண்குறுமீன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்) ஈர்ப்பால் ஒடுங்குவதற்கும் அதுவே ஆகும். வேதியியல்காரர்கள் என்ன சொல்கிறீர்கள்?